மூக்குத்தி தந்த செல்வம்

கர்நாடக இசை கற்கத் தொடங்கும் குழந்தை முதன்முதலில் பாடுவது ஒரு பாட்டன்று. ஏழு சுரங்களின் வரிசை. ச, ரி, க, ம, ப, த, நி என்று ஏறி, அவ்வாறே இறங்கும் அவ்வரிசைக்குச் சரளி வரிசை என்பது பெயர். சென்னை மயிலாப்பூரில் பாடப்படும் அதே வரிசையை மும்பை மாட்டுங்காவிலும், தில்லி கரோல்பாக்கிலும், பெங்களூரு மல்லேசுவரத்திலும் மாலை வேளைகளில் கேட்கலாம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அப்பாடம் கைமாறி வருகிறது. ஊர் மாறினாலும், வீட்டில் பேசும் மொழி மாறினாலும், பாடம் மாறுவதில்லை.

அதனை வகுத்தவர் என்று இசையுலகம் போற்றும் மனிதர், மரபு கூறுவதன்படி, தம் வாழ்நாளின் முற்பகுதியைத் தம்புராவின் அருகில் கழித்தவர் அல்லர். தராசின் அருகில் கழித்தவர். அவர் ஓர் அடகு வணிகர். கொடுப்பதில் கடைசி ஆளாகவும், வாங்குவதில் முதல் ஆளாகவும் அறியப்பட்டவர். சீனிவாச நாயக்கர் என்பது அவருடைய இயற்பெயர். உலகம் அவரைப் புரந்தரதாசர் என்று அறிகிறது.

வணிகர் வீட்டு மகன்

புரந்தரதாசர் பிறந்த ஆண்டு 1484 என்பது மரபு. பிறந்த ஊரைப் பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன. மகாராட்டிரத்தில் புனே நகருக்கு அருகில் உள்ள புரந்தரகட் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. கர்நாடகத்தின் மலைநாட்டில், தீர்த்தஹள்ளியை அடுத்த பகுதியில் பிறந்தவர் என்று பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இரண்டு மாநிலத்தாரும் தம்மவர் என்று உரிமை கொண்டாடும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

தந்தையார் வரதப்ப நாயக்கர் பொன்னும் மணியும் விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர். மகனுக்குத் திருவேங்கடமுடையானின் பெயரைச் சூட்டினார். சீனிவாசர் கன்னடமும் வடமொழியும் இசையும் முறையாகக் கற்றார். கற்ற கல்வி அனைத்தும் சிறிதுகாலம் பேழைக்குள் வைத்த பட்டாடைபோலக் கிடந்தது. தந்தைக்குப்பின் கடை மகன் கைக்கு வந்தது. செல்வம் பன்மடங்காகப் பெருகியது. நவகோடி நாராயணன் என்று ஊரார் அவரை அழைத்தனர். ஒன்பது கோடிக்கு உரியவர் என்பது அதன் பொருள். அப்பெயரில் வியப்பும் இருந்தது; சிறிது மனக்கசப்பும் இருந்திருக்கக்கூடும்.

அடகுத்தொழிலின் முறை அன்றும் இன்றும் பெரிதும் வேறுபட்டதன்று. பணமுடை நேர்ந்தவர் வீட்டிலுள்ள நகையைக் கொண்டுவருவர். வணிகர் அதனை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பார். தராசில் இட்டு எடை பார்ப்பார். மதிப்பில் ஒரு பகுதியை மட்டும் கடனாகத் தருவார். குறித்த காலத்திற்குள் முதலும் வட்டியும் வந்தால் நகை வீடு திரும்பும். வாராவிட்டால் நகை மூழ்கிவிட்டது என்பர். பிறர் வீட்டுத் துன்பம் ஒவ்வொன்றும் ஒரு வணிகரின் பேரேட்டில் ஒரு வரியாக மாறும் தொழில் அது. நேர்மையாக நடத்துவோரும் அத்தொழிலில் உண்டு. சீனிவாசர் ஏமாற்றியதாக எக்கதையும் கூறவில்லை. அவர் எவருக்கும் எதனையும் கொடுத்ததில்லை என்பதே அவர்மீது சொல்லப்படும் குறை.

அவருடைய மனைவி சரசுவதி. அவ்வீட்டில் பொன் நிறைந்திருந்தது. ஆயினும் ஒரு பிடி அரிசியை இரவலர்க்கு இடுவதற்கும் அவ்வம்மையார் கணவரின் முகத்தை நோக்கவேண்டியிருந்தது.

முதியவரும் மூக்குத்தியும்

ஒருநாள் ஏழை முதியவர் ஒருவர் கடைக்கு வந்தார். தம் மகனுக்குப் பூணூல் சடங்கு செய்யவேண்டும் என்றும், அதற்குச் சிறிது பொருள் தந்து உதவவேண்டும் என்றும் கேட்டார். சீனிவாசர் இல்லை என்று கூறவில்லை. நாளை வருமாறு கூறினார். மறுநாளும் அவ்வாறே கூறினார். இவ்வாறு நாள்கள் வாரங்களாயின, வாரங்கள் மாதங்களாயின. கொடுக்க மனமில்லாதவர் இல்லை என்னும் சொல்லைவிட நாளை என்னும் சொல்லையே பெரிதும் விரும்புவர். முதியவரோ சலிக்காமல் வந்துகொண்டிருந்தார். இறுதியில் சீனிவாசர் தேய்ந்து செல்லாமற்போன காசுகளைக் குவியலாகக் கொட்டி, அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு போகுமாறும், இனி வரவேண்டா என்றும் சொல்லிவிட்டார்.

முதியவர் காசைத் தொடவில்லை. கடையை விட்டு நீங்கி, அவ்வணிகரின் வீட்டு வாயிலுக்குச் சென்று நின்றார். சரசுவதி அவருடைய முறையீட்டைக் கேட்டார். உள்ளம் உருகியது, ஆனால் கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லை. பெட்டிச் சாவிகள் கணவரின் இடுப்பில் இருந்தன. வீட்டுப்பொருள் எதனைக் கொடுத்தாலும் அது கணவரின் பொருள் என்றாகும். அப்போது அவருக்குத் தம் மூக்குத்தி நினைவுக்கு வந்தது. அது பிறந்த வீட்டார் அளித்தது. அப்பெரிய மாளிகையில் அவர் தம்முடையது என்று சொல்லக்கூடிய பொருள் அது ஒன்றே. சரசுவதி அதனைக் கழற்றி முதியவரின் கையில் வைத்தார்.

ஒன்பது கோடியுள் ஒரு கோடியைக் கொடுத்தாலும் எட்டுக் கோடி எஞ்சியிருக்கும். ஒன்றே உடையவர் அவ்வொன்றைக் கொடுத்தால் எஞ்சுவது ஏதுமில்லை. கணவர் கேட்டால் என்ன விடை சொல்வது என்னும் அச்சமும் அவருக்கு இருந்தது. அச்சம் நீங்கியபின் அவர் கொடுக்கவில்லை, அஞ்சிக்கொண்டே கொடுத்தார். இக்கதையில் பலரும் வியப்பது பின்னால் வரும் அற்புதத்தை; வியப்பதற்கு உரியது இந்த இடமே.

முதியவர் மூக்குத்தியை வேறெங்கும் கொண்டுசெல்லவில்லை. நேரே சீனிவாசரின் கடைக்கே வந்து, அதற்குப் பொருள் தருமாறு கேட்டார். சீனிவாசரின் கண்கள் எத்தனையோ ஆயிரம் நகைகளை எடைபோட்டவை. ஒருமுறை பார்த்த கல்லை அவை மறப்பதில்லை. அது தம் மனைவியின் மூக்குத்தி என்பதை உடனே உணர்ந்தார். முதியவரிடம் எதனையும் காட்டிக்கொள்ளாமல், பணத்திற்குப் பின்னர் வருமாறு சொல்லி அனுப்பினார். மூக்குத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். விரைந்து வீட்டுக்குச் சென்றார்.

மனைவியை அழைத்து, மூக்குத்தி எங்கே என்று வினவினார். சரசுவதி நடுங்கினார். உள்ளே கழற்றி வைத்திருப்பதாகக் கூறிவிட்டுப் பூசையறைக்குள் சென்றார். கையில் ஒரு சிறு கிண்ணம். எதிரே இறைவனின் திருவுருவம். இனித் தமக்கு அவனன்றி வேறு துணையில்லை என்று கண்களை மூடி நின்றார். கிண்ணத்தில் ஏதோ விழுந்த மெல்லோசை கேட்டது. கண் திறந்து பார்த்தபோது மூக்குத்தி அதனுள் கிடந்தது.

அதனைக் கையில் வாங்கிய சீனிவாசர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதே கல், அதே பொன். கடைக்கு ஓடினார். பூட்டியது பூட்டியவாறே இருந்தது. பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. முதியவரை ஊரெங்கும் தேடச் செய்தார். அப்படி ஒருவரைக் கண்டதாகச் சொல்வார் எவருமில்லை.

பூட்டிய பெட்டிக்குள் இருப்பது தம்முடையது என்னும் உறுதியே ஒரு வணிகரின் வாழ்வுக்கு அடிப்படை. அன்று அவ்வுறுதி குலைந்தது. மாதக்கணக்கில் தம் வாயிலில் வந்து இரந்தவன் இறைவனே என்று அவர் தெளிந்தார். கேட்டவன் எல்லாவற்றையும் உடையவன்; இல்லை என்று துரத்தியவரோ தமக்கென்று ஒன்றுமில்லாதவர். இத்தனை ஆண்டுகள் எழுதிய பேரேட்டில் கடன்கொடுத்தவர் யார், கடன்பட்டவர் யார் என்பதே மாறிப்போயிற்று.

இந்நிகழ்ச்சி கல்வெட்டிலோ செப்பேட்டிலோ பதிவானதன்று. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. எனினும் புரந்தரதாசர் பாடிய பாட்டு ஒன்று இதற்குத் துணைநிற்கிறது. தம்புராவை ஏந்த ஒருகாலத்தில் நாணியதையும், பிச்சைப் பாத்திரத்தைத் தொடச் செருக்கு இடந்தராததையும், துளசிமாலை அணியத் தயங்கியதையும் அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். அவற்றை ஏந்தச் செய்தவர் தம் மனைவியே என்று நன்றியோடு போற்றி, அவர் குலம் ஆயிரமாகப் பெருகட்டும் என்று வாழ்த்துகிறார். நடந்தன யாவும் நன்மைக்கே என்பது அப்பாட்டின் கருத்து. மனைவியைத் தம்மை வழிநடத்திய ஆசானாகப் பலர் முன்னிலையில் பாடிய ஆடவர் அக்காலத்தில் மிகச்சிலரே.

காட்டுவழி

சீனிவாசர் தம் உடைமை அனைத்தையும் கண்ணனுக்கே உரியது என்று கருதி வறியவர்க்கு வழங்கினார். நெடுங்காலம் பூட்டியிருந்த பெட்டிகள் திறக்கப்பட்டன. பின்னர் மனைவி மக்களோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

வழி ஒரு காட்டினூடே சென்றது. இருள் சூழ்ந்தபோது சரசுவதியின் முகத்தில் அச்சம் தோன்றியது. கள்வர் வருவரோ என்று அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் துறந்து வந்தவர்க்குக் கள்வரிடம் என்ன அச்சம் என்று சீனிவாசருக்கு வியப்பு உண்டாயிற்று. காரணம் கேட்டார். சரசுவதி தயங்கித் தயங்கி உண்மையைக் கூறினார். கணவர் நீர் பருகுவதற்காகப் பொற்கிண்ணம் ஒன்றைத் துணிக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் பொற்கிண்ணத்தில் பருகிப் பழகியவர் மண்கலத்தில் எவ்வாறு பருகுவார் என்று எண்ணி, அன்பினால் செய்த செயல் அது. சீனிவாசர் சினங்கொள்ளவில்லை. கிண்ணத்தை வாங்கிக் காட்டுக்குள் எறிந்தார். இனி அஞ்சவேண்டுவதில்லை என்று கூறி நடந்தார்.

மூக்குத்தியைத் தயங்காமல் ஈந்த அதே கைகளே கிண்ணத்தை மறைத்தன என்பது நினைக்கத்தக்கது. தமக்கென வரும்போது துறப்பது எளிதாகவும், தம் அன்புக்குரியவர்க்கென வரும்போது அரிதாகவும் இருப்பது மனித இயல்பு.

விஜயநகரம்

செல்வத்தைத் துறந்தவர்கள் வந்து சேர்ந்த இடம், அக்காலத் தென்னாட்டிலேயே செல்வம் மிகுந்த நகரம். துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் பரந்து கிடந்த விஜயநகரம் அது. இன்று ஹம்பி என்று வழங்குகிறது. 1509 முதல் 1529 வரை அரசாண்ட கிருஷ்ணதேவராயரின் காலம் அந்நகரின் பொற்காலம். அவர் காலத்தில் அங்கு வந்த போர்த்துகீசியரான தோமிங்கோ பாயஸ், மாணிக்கமும் மரகதமும் முத்தும் வைரமும் விற்கும் வணிகர்களை அந்நகர்த் தெருவில் கண்டு எழுதிவைத்துள்ளார். அத்தகைய தெருக்களில், கடை வைக்கும் அறிவும் தொழில் நுட்பமும் இருந்தும், சீனிவாசர் கையேந்தி நடந்தார்.

அந்நகரில் வியாசராயர் என்னும் துறவி இருந்தார். மத்துவர் வகுத்த நெறியில் நின்ற பேரறிஞர். காஞ்சிபுரத்தில் சாத்திரங்களைப் பயின்றவர். மன்னரால் குருவாக வணங்கப்பட்டவர். சீனிவாசர் அவரை அடைந்து அடியவரானார். 1525ஆம் ஆண்டு அவருக்குத் தீக்கை அளிக்கப்பட்டது என்று மரபு கூறும். அன்றுமுதல் அவர் புரந்தரதாசர். தாசர் என்னும் சொல்லுக்கு அடிமை, தொண்டர் என்பன பொருள். நவகோடி நாராயணன் என்று பெயர் பெற்றிருந்தவர் விரும்பி ஏற்றுக்கொண்ட பெயர் இது. தம் பாடல்களின் இறுதியில் புரந்தர விட்டலன் என்று திருமாலின் பெயரைப் பொறித்தார்.

இறைவனைக் கன்னடத்தில் பாடிய இத்தொண்டர்களை ஹரிதாசர் என்பர். வடமொழியில் கற்றோர்க்கு மட்டும் விளங்கிய தத்துவங்களை, உழவரும் நெசவாளரும் நீர் எடுக்கச் செல்லும் பெண்டிரும் பாடும் எளிய மொழியில் அவர்கள் தந்தனர். ஆழ்வார்களும் நாயன்மார்களும் தமிழில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்ச் செய்த பணியோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். ஆட்டிடையர் குலத்தில் தோன்றிய கனகதாசரும் புரந்தரதாசரின் காலத்தவரே. வியாசராயரின் அருளைப் பெற்றவரே.

அரிசியில் கலந்த கற்கள்

புரந்தரதாசரின் நாள் விடியற்காலையில் தொடங்கும். காலில் சதங்கை, தோளில் தம்புரா, கையில் சப்ளாக்கட்டை, கழுத்தில் துளசிமாலை. பாடிக்கொண்டே தெருத்தெருவாகச் செல்வார். வீட்டார் இடும் அரிசியை ஏற்றுக்கொள்வார். இதனை உஞ்சவிருத்தி என்பர். அன்று கிடைத்தது அன்றைக்கு. இல்லத்தில் சமைத்து, இறைவனுக்குப் படைத்து, வந்தவர்க்கு இட்டு, எஞ்சியதைக் குடும்பத்தார் உண்பர். நாளைக்கென்று எடுத்துவைப்பதில்லை. ஒருகாலத்தில் ஏழை முதியவரைத் திருப்பி அனுப்பப் பயன்பட்ட நாளை என்னும் சொல் அவ்வீட்டு வழக்கிலிருந்தே நீங்கிவிட்டது.

இவ்வாழ்வைப் பற்றி வியாசராயர் மன்னரிடம் புகழ்ந்து பேசினாராம். பெருஞ்செல்வராக இருந்தவர் உண்மையில் ஆசையை விட்டிருப்பாரா என்று கிருஷ்ணதேவராயருக்கு ஐயம் எழுந்தது. அதனைச் சோதித்தறிய விரும்பி, புரந்தரதாசருக்கு இடும் அரிசியில் மணிகளைக் கலந்து இடுமாறு பணித்தார். தாசர் பாடிக்கொண்டே பெற்றுச்சென்றார்; பாத்திரத்துக்குள் நோக்கவில்லை. நாள்தோறும் இவ்வாறு நடந்தது.

சிலநாள் கழித்து மன்னரும் வியாசராயரும் அடியவரின் குடிசைக்குச் சென்றனர். சரசுவதி அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். அண்மைக்காலமாக அரிசியில் கல் மிகுந்திருப்பதாகவும், பொறுக்கி எறிவதே வேலையாகிவிட்டது என்றும் வருந்திக் கூறினார். குப்பை கொட்டும் மூலையில் மன்னரின் மாணிக்கங்களும் வைரங்களும் கிடந்தன. பல் உடைக்கும் கற்கள் என்பதற்குமேல் அவ்வீட்டில் அவற்றுக்கு மதிப்பில்லை. மாற்றும் எடையும் கண்டு வாழ்ந்த வணிகரின் மனைவிக்கு அவை இன்னவை என்று தெரியாமல் இருக்குமா என்று கேட்கலாம். தெரிந்தே எறிந்திருந்தாலும் கதை சிறப்பதேயன்றிக் குறைவதில்லை. காட்டில் கிண்ணத்தை மறைத்தவர் அவரே அல்லவா?

கணக்கு மாறிய இடம்

புரந்தரதாசர் பாடிய பாடல்கள் நான்கு இலட்சத்து எழுபத்தையாயிரம் என்று மரபு கூறும். இன்று கிடைப்பவை ஏறத்தாழ ஓராயிரம். அவற்றுள் கண்ணனின் பிள்ளைக் குறும்பைக் கூறுவன உண்டு. உள்ளத்தில் அன்பின்றிப் புறத்தே சடங்கு செய்வோரைக் கடிந்துரைப்பன உண்டு. அவர் செல்வத்தையே வெறுத்தார் என்று எண்ணிவிடக்கூடாது. திருமகளைத் தம் இல்லத்திற்கு எழுந்தருளுமாறு அழைக்கும் அவருடைய பாடல் வெள்ளிக்கிழமைகளில் எத்தனையோ வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. வருவதை வாராதே என்று அவர் தடுக்கவில்லை, வந்ததைப் பூட்டிவைக்கவில்லை.

வணிகர் துறவியாகியும் வணிகம் அவர் மொழியைவிட்டு முற்றிலும் நீங்கவில்லை என்பது சுவையான செய்தி. இறைவனின் பெயரைக் கற்கண்டாக உருவகித்து, அதனை வாங்க வாரீர் என்று கூவி விற்பவராகவே ஒரு பாடலில் தோன்றுகிறார். அச்சரக்கை எருதின்மேல் ஏற்றவேண்டுவதில்லை, கோணியில் அடைக்கவேண்டுவதில்லை, சுங்கமும் கூலியும் இல்லை, எத்தனை நாள் வைத்திருந்தாலும் கெடுவதில்லை. சந்தையில் நின்று இழப்பும் ஊதியமும் பார்த்தவர் ஒருவரால் மட்டுமே இவ்வாறு பாட இயலும்.

இசைப் பாடங்களிலும் அந்தக் கணக்கறிவைக் காணலாம். மாயாமாளவகௌளை என்னும் இராகத்தைத் தொடக்கப் பாடத்திற்குத் தேர்ந்தெடுத்தார். முதலில் சரளி வரிசை. பின்னர் ஒவ்வொரு சுரமும் இரட்டித்து வரும் சண்டை வரிசை. அடுத்து ஏழு தாளங்களில் அமைந்த அலங்காரங்கள். அதன்பின் சிறு கீதங்கள். ஒருபடி ஏறியபின்னரே அடுத்தபடி. எண்ணிக்கை ஓர் அட்சரமும் பிசகுவதில்லை. தமக்கென எண்ணிக் குவித்த அதே கைகள், எவருடைய குழந்தைக்கோ தாளம் எண்ணக் கற்றுக்கொடுத்தன. கர்நாடக இசையின் பிதாமகர், அதாவது பாட்டனார், என்று அவரை அழைப்பது இதனால்தான்.

அக்கீதங்களுள் ஒன்று மலஹரி இராகத்தில் அமைந்த கெரெய நீரனு. கெரெ என்னும் கன்னடச் சொல் ஏரியைக் குறிக்கும். ஏரியிலிருந்து முகந்த நீரை ஏரிக்கே வார்ப்பதைப் போல, இறைவன் தந்ததை இறைவனுக்கே படைப்பதைப் பாடுவது அக்கீதம். ஆற்றிலும் குளத்திலும் நீராடுவோர் இருகைகளாலும் நீரை முகந்து மீண்டும் நீரிலேயே விடுவதைக் காணலாம். ஏரி அதனால் பெருகுவதில்லை. முகந்தவர் கொடையாளி என்று பெருமை கொள்ளவும் இடமில்லை. கடையைத் துறந்த அன்று புரந்தரதாசர் செய்ததும் அதுவே. கீதத்தைப் பாடும் குழந்தைகளுள் பலர் சுரத்திலும் தாளத்திலும் கருத்தாக இருப்பர். பொருள் பின்னொரு நாள் விளங்கட்டும் என்று ஆசிரியரும் மேலே செல்வார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் காவிரிக்கரையில், திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரின் அன்னையார் புரந்தரதாசரின் பாடல்களைப் பாடுவார் என்பர். தியாகராசர் தாமும் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். தஞ்சை அரசவையின் செல்வத்தை விரும்பாதவர். பிரகலாத பக்தி விசயம் என்னும் தம் இசைநாடகத்தில் புரந்தரதாசரை வணங்கியுள்ளார். அண்மைக்காலத்தில் எம். எல். வசந்தகுமாரி மேடைதோறும் அப்பாடல்களைப் பாடித் தமிழ் மக்களிடம் பரப்பினார்.

ஆற்றங்கரை மண்டபம்

வியாசராயர் 1539ஆம் ஆண்டு மறைந்தார். ஆனெகுந்திக்கு அருகில் துங்கபத்திரையின் நடுவே உள்ள தீவில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. குருவின் மறைவுக்குப் பின்னரும் புரந்தரதாசர் பல்லாண்டுகள் பாடிக்கொண்டிருந்தார். 1564ஆம் ஆண்டு, தை மாதத்தை ஒட்டிவரும் புஷ்ய மாத அமாவாசையில் அவர் மறைந்தார் என்பது மரபு. ஆண்டுதோறும் அந்நாளில் அவருக்கு ஆராதனை நடைபெறுகிறது.

1565ஆம் ஆண்டு சனவரியில் தலைக்கோட்டைப் போர் நிகழ்ந்தது. விஜயநகரப் படை தோற்றது. பாயஸ் வியந்த அந்நகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. மணிகள் குவிந்திருந்த கடைத்தெருக்களில் இன்று எஞ்சியிருப்பவை வரிசையாக நிற்கும் கல்தூண்கள் மட்டுமே.

விட்டலர் கோயிலுக்கு அருகில் ஆற்றங்கரையில் சிறு மண்டபம் ஒன்று உள்ளது. சிற்ப வேலைப்பாடு மிகுந்ததன்று. எளிய தூண்களும் தட்டையான கூரையும் கொண்டது. புரந்தரதாசர் அமர்ந்து பாடிய இடம் என்று அதனைப் புரந்தர மண்டபம் என அழைக்கின்றனர். மழைக்காலத்தில் துங்கபத்திரை அணையிலிருந்து மிகுதியாக நீர் திறந்துவிடப்படும்போது அம்மண்டபம் வெள்ளத்தில் மூழ்கிவிடும். சிலநாள் கழித்து நீர் வடியும். முதலில் கூரை தெரியும்; பின்னர்த் தூண்கள் தெரியும்; இறுதியில் படிகளும் வெளிப்படும். ஆராதனை நாளில் அப்படிகளில் அமர்ந்து அடியவர்கள் அவர் பாடல்களைப் பாடுவர்.